அமைச்சருக்கு வகுப்பு எடுப்பது எப்படி? சுகாதார, கல்வி அமைச்சர்களுக்கான தலைமைத்துவப் பயிற்சி: முழுமையான வழிகாட்டி

நாலு நாள் பயிற்சி, 16 உரை, இரண்டு பள்ளி, ஒரு மருத்துவமனை, நடுவில் இரண்டு விருந்து. ஒரு வெளிநாட்டுக் கல்வி அமைச்சரின் தனிச்செயலாளருக்குத் தொலைபேசியில் அட்டவணையை மூச்சுவிடாமல் வாசித்து முடித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர் கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "முஸ்தஃபாவுக்கு எந்த நாள் போகலாம்?" (முஸ்தஃபா, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இருக்கும் பெரிய கடைத்தொகுதி.) அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் மேல் தப்பே இல்லை, ஏனென்றால் அந்தப் பயணத்தில் அவர்கள் தாங்களாகவே கேட்ட ஒரே விஷயம் அதுதான், மற்றதெல்லாம் நாங்கள் உட்கார்ந்து தீர்மானித்தது.

சிங்கப்பூருக்குப் படிக்க வரும் அமைச்சர்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் நிகழ்ச்சி ஏற்பாடு செய்யும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். பயிற்சி நிறுவனங்களில், பல்கலைக்கழகங்களில், அமைச்சுகளில் வேலை பார்க்கும் நம்மாட்கள் அவ்வப்போது "இதை எப்படிச் செய்வது?" என்று கேட்கிறார்கள். சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கூடக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் சுகாதார அமைச்சரின் நாற்காலியோ கல்வி அமைச்சரின் நாற்காலியோ ஒருவருக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் நிலைப்பதில்லை. முதல் ஆறு மாதம் கோப்புகளைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடும், கடைசி ஆறு மாதம் தேர்தல் வேலை. நடுவில் மிஞ்சுகிற நாட்களில் ஏதாவது ஒன்றை முடித்துவிட்டுப் போக அந்த மனிதருக்கு உதவுவதுதான் இந்தப் பயிற்சி. 'தலைமைத்துவம் என்றால் என்ன' என்று படம் போட்டு விளக்குவதாக இருந்தால் அவர் ஊரிலேயே இருந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: எட்டு வாரத்துக்கு முன்பே பேசுங்கள்

அமைச்சரோடு நேரடியாக அரை மணி நேரம் பேச வேண்டும், தனிச்செயலாளரோடு பேசினால் போதாது. அரை மணி நேரம் வாங்குவதற்கே மூன்று வாரம் ஆகும் என்பதால்தான் எட்டு வாரம் என்கிறேன். பேசும்போது நான் கேட்கும் கேள்விகள் இரண்டு. நீங்கள் பதவியை விட்டுப் போன அடுத்த வாரம் உங்கள் ஊர்ப் பத்திரிகை உங்களைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினால் அது எந்த வரியாக இருக்க வேண்டும்? அப்புறம், உங்களிடம் 'முடியாது' என்று சொல்லக்கூடியவர்கள் யார் யார்? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் மேடைப்பேச்சுதான் பதிலாக வரும். இரண்டாவதற்கு வரும் பதில்தான் தங்கம். ஆசிரியர் சங்கம், நிதி அமைச்சு, மாநில ஆளுநர், சொந்தக் கட்சிக்காரர் என்று பெயர்கள் விழ விழ எழுதிக்கொள்ளுங்கள், பயிற்சியின் பாதிப் பாடத்திட்டம் அங்கேயே கிடைத்துவிடும்.

அமைச்சின் நிரந்தரச் செயலாளரிடம் தனியாகப் பேசுங்கள். நம்மூரில் நிரந்தரச் செயலாளர், தமிழ்நாட்டில் துறைச் செயலாளர், பெயர் எதுவானாலும் அமைச்சர் மாறும்போது மாறாமல் இருக்கும் அந்த ஆள். முந்தைய அமைச்சர் ஆரம்பித்துப் பாதியில் நிற்கிற வேலை எது என்று அவரிடம் கேட்டால் போதும். மூன்றாவதாக, வரவு செலவுத் திட்டத்தை வாங்கி நீங்களே வாசியுங்கள். வளரும் நாடுகளில் கல்விக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்துக்கே போய்விடுகிறது. சம்பளம், ஓய்வூதியம், ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் கழித்தபிறகு அமைச்சர் தன் விருப்பப்படி திருப்பிவிடக்கூடிய தொகை எவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளை முதல் நாள் காலையில் அமைச்சரிடம் கொடுக்கும்போது அறையில் ஒரு அமைதி வரும் பாருங்கள்.

இதைச் செய்யாமல் நான் ஒருமுறை பட்டேன். வந்திருந்த சுகாதார அமைச்சர் அரசியலுக்கு வருவதற்கு முன் 20 ஆண்டு மாவட்ட மருத்துவமனையில் டாக்டராக இருந்தவர். அது தெரியாமல் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு என்றால் என்ன என்று அவருக்கு ஒன்றரை மணி நேரம் விளக்க ஏற்பாடு செய்திருந்தேன். மனிதர் நாகரிகமாகக் குறிப்பெல்லாம் எடுத்தார். தேநீர் இடைவேளையில் என் தோளில் கைவைத்து, "நான் பிரசவம் பார்த்த பிள்ளைகளில் ஒருத்தன் இப்போது என் தொகுதியில் எதிர்க்கட்சி வேட்பாளர், அதற்கு ஏதாவது பாடம் இருக்கிறதா?" என்றார்.

படி 2: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க வையுங்கள்

இதுதான் பயிற்சியின் முதுகெலும்பு. அமைச்சர்கள் 20 முன்னுரிமைகளோடு வருவார்கள். 20 முன்னுரிமை என்றால் ஒன்றுமே முன்னுரிமை இல்லை என்று அவர்களுக்கும் தெரியும், ஆனால் வெளியில் சொன்னால் 19 பேர் கோபித்துக்கொள்வார்கள். பூட்டிய அறைக்குள் அதைச் சொல்ல இடம் கொடுப்பது உங்கள் பொறுப்பு. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2012 முதல் அமைச்சர்களுக்கு நடத்திவந்த பயிற்சியிலும் 'பதவிக்குப் பிறகு எது நிலைக்க வேண்டும்' என்ற கேள்விக்குத்தான் பெரிய இடம்.

'தரமான கல்வி' என்பது இலக்கே இல்லை. 'மூன்றாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை தாய்மொழியில் ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்க வேண்டும்' என்பது இலக்கு. தமிழ்நாட்டில் 2022இல் ஆரம்பித்த எண்ணும் எழுத்தும் திட்டம் அப்படித்தான் வைத்தது: 2025க்குள் எட்டு வயதுப் பிள்ளைக்கு வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு நிறைவேறியது என்று சண்டை போடலாம், ஆனால் சண்டை போடும் அளவுக்காவது அது தெளிவாக இருக்கிறது இல்லையா? இலவசக் கல்வி என்றதும் இலங்கையில் இன்றும் கன்னங்கராவின் பெயர்தான் வரும். அவர் 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்தவர், அவ்வளவு நீண்ட காலம் இந்தக் காலத்து அமைச்சருக்குக் கனவில்கூடக் கிடைக்காது. காமராசர் 1956இல் பள்ளியில் மதியச் சோறு போட்டார், எம்ஜிஆர் 1982இல் அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார், 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இது எதையும் பாட்டிக்கு விளக்க ஒரு வாக்கியத்துக்கு மேல் தேவையில்லை.

நான் பயன்படுத்தும் உத்தி மிகச் சாதாரணமானது. அஞ்சலட்டை அளவில் ஒரு அட்டை, 15 சொல்லுக்குள் உங்கள் வேலையை எழுதுங்கள் என்பேன். முதல் நாள் எழுதியதைச் சுவரில் ஒட்டிவிட்டு ஒவ்வொரு நாள் மாலையும் திருத்தி எழுதச் சொல்வேன். ஒரு சுகாதார அமைச்சரின் அட்டை எப்படி மாறியது என்று சொல்கிறேன். முதல் நாள்: 'தாய்சேய் நலத்தை மேம்படுத்துதல்'. இரண்டாம் நாள் அவருடைய செயலாளரே எழுந்து, பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கால்தான் அதிகம் பேர் இறக்கிறார்கள், மாவட்டத்தில் ரத்தம் கிடைப்பதில்லை என்றார். (உலக அளவிலும் பிரசவ மரணங்களுக்கு முதன்மைக் காரணம் அதுதான்.) அன்று மாலை: 'மாவட்ட மருத்துவமனைகளில் ரத்தம் இருப்பு'. நாலாம் நாள்: 'அடுத்த ஆண்டு டிசம்பருக்குள் 12 மாவட்ட மருத்துவமனைகளில் 24 மணி நேரமும் ரத்த இருப்பு'. முதல் அட்டைக்கும் கடைசி அட்டைக்கும் நடுவில் நடந்ததுதான் பயிற்சி, அதற்கு என்ன பட்டம் வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டையைச் சோதிக்க நான் கேட்பது: இது உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கிறதா, அல்லது இன்னொரு அமைச்சர் கையெழுத்துப் போட வேண்டுமா? இரண்டு ஆண்டில் கண்ணுக்குத் தெரியுமா? தோற்றால் யாருக்குத் தெரியும்? கடைசிக் கேள்விக்கு 'யாருக்கும் தெரியாது' என்று பதில் வந்தால் அட்டையைக் கிழித்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

படி 3: அறைக்குள் யார் யார்

எட்டு முதல் பன்னிரண்டு அமைச்சர்கள், அதற்கு மேல் போனால் மாநாடாகிவிடும். ஒவ்வொருவரோடும் நிரந்தரச் செயலாளர் ஒருவர், வரவு செலவு பார்க்கும் அதிகாரி ஒருவர். மற்ற பரிவாரம் பக்கத்து அறையில் காப்பி குடிக்கட்டும். அமைச்சரை மட்டும் தனியாகப் பயிற்றுவித்து அனுப்பினால், திரும்பிப் போனதும் அவருக்கு வந்த உற்சாகம் அமைச்சில் வேறு யாருக்கும் புரியாது, இரண்டு வாரத்தில் அடங்கிவிடும்.

சுகாதாரத்தையும் கல்வியையும் ஒரே அறையில் உட்கார வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டாயம் வையுங்கள். சிங்கப்பூரில் 2019இலிருந்து உயர்நிலை 1 (ஏழாம் வகுப்பு) மாணவிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பள்ளியிலேயே போடப்படுகிறது. ஊசி சுகாதார அமைச்சுடையது, பிள்ளையும் வகுப்பறையும் பெற்றோருக்குப் போகும் கடிதமும் கல்வி அமைச்சு சம்பந்தப்பட்டவை. குடற்புழு மாத்திரை, கண் பரிசோதனை, மதிய உணவு எல்லாம் இதே கதைதான். நம்மூரில் ஓங் யி காங் முதலில் கல்வி அமைச்சராக இருந்து, நடுவில் போக்குவரத்தைப் பார்த்து, 2021இல் சுகாதாரத்துக்கு வந்தவர். ஒரே ஆள் இரண்டு பக்கமும் பார்த்திருப்பது எல்லா நாட்டிலும் நடக்காது, அதனால் பயிற்சி அறையிலாவது அது நடக்கட்டும்.

நாற்காலி விஷயத்தில் கவனம். யார் மூத்தவர், யார் துணைப் பிரதமரும் கூட என்றெல்லாம் ஆராய்ந்தால் தலை வெடிக்கும், நாட்டின் பெயரின் அகரவரிசை ஒன்றுதான் யாரும் கோபிக்காத வரிசை. தினமும் இடம் மாற்றுங்கள். மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் காதில் மாட்டும் கருவியோடு உடனுக்குடன் பேசும் ஆட்களைப் பிடியுங்கள், ஒரு வாக்கியம் பேசி நிறுத்தி மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும்.

படி 4: அட்டவணையைப் பாதியாக வெட்டுங்கள்

முதல் நாள் காலை 10 மணிக்கு முன்னால் எதுவும் வேண்டாம், பாதிப் பேருக்கு உடம்பு இன்னும் வேறு நேரத்தில் இருக்கும். ஒரு நாளைக்கு உரை என்று மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. மதிய உணவு ஒன்றரை மணி நேரம், ஹலால், சைவம் இரண்டும், தொழுகைக்கு ஓர் அறை. பாதி நாளைக் காலியாக விடுங்கள், முஸ்தஃபாவுக்கு அப்போது போய்க்கொள்வார்கள். ஒருமுறை அங்கே போன இரண்டு அமைச்சர்கள் பயணப்பெட்டிகள் விற்கும் பகுதியில் நின்றபடியே எல்லையோரக் கிராமங்களுக்கு ஒரே தடுப்பூசி நாள் வைக்க ஒத்துக்கொண்டார்கள், என் வகுப்பில் அது நடக்கவில்லை. வண்டி ஓட்டிய அண்ணன், "என்ன தம்பி, மீட்டிங்கை இங்கேயே வெச்சிருக்கலாமே" என்றார்.

படி 5: ஜெயித்த கதையோடு தோற்ற கதையையும் வையுங்கள்

வெளிநாட்டு அமைச்சர்களுக்கு சிங்கப்பூரைக் காட்டும்போது நமக்கு ஒரு வியாதி உண்டு. எல்லாமே முதல் நாளிலிருந்து திட்டமிட்டு நடந்தது போலப் படம் காட்டுவோம். கேட்பவர்கள் அரசியல்வாதிகள், அவர்களுக்கு வாசனை தெரியும். சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டம் 1992இலிருந்து நடக்கிறது, 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அதிகாரிகள் வந்து போயிருக்கிறார்கள். லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளி 2004இலிருந்து இருக்கிறது, பள்ளி முதல்வர்களை உருவாக்க நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் தேசியக் கல்விக் கழகம் இருக்கிறது. இத்தனையும் கேள்விப்பட்டுத்தான் வருகிறார்கள், விளம்பரம் தேவையில்லை.

நான் நடத்தும் முதல் கதை சார்ஸ் என்ற மூச்சுத் தொற்றுநோய். முந்தைய நாள் இரவு இரண்டு பக்கம் கொடுத்துவிடுவேன். 2003 மார்ச் கடைசி, டான் டோக் செங் மருத்துவமனையை சார்ஸ் நோயாளிகளுக்கென்று ஒதுக்கியாகிவிட்டது, பெற்றோர் நடுங்கிப்போயிருக்கிறார்கள். மருத்துவக் காரணத்துக்காகப் பள்ளிகளை மூட வேண்டிய அவசியம் பெரிதாக இல்லை என்கிறது மருத்துவத் தரப்பு. நீங்கள் கல்வி அமைச்சர். மூடுவீர்களா? இங்கே நிறுத்திவிட்டு ஒவ்வொருவரும் தாளில் 'மூடு' அல்லது 'மூடாதே' என்று எழுதி மடித்து வைக்க வேண்டும். பேச விட்டால் ஒருவரைப் பார்த்து ஒருவர் மாற்றிக்கொள்வார்கள், அதனால்தான் தாள்.

உண்மையில் நடந்தது: மார்ச் 27ஆம் தேதி முதல் பள்ளிகள் மூடப்பட்டன. கவனிக்க வேண்டியது மூடியதை விட, சொன்ன விதத்தை. மருத்துவக் காரணம் வலுவாக இல்லை, பெற்றோரின் கவலைதான் காரணம் என்று இரண்டு அமைச்சுகளும் சேர்ந்து வெளிப்படையாகவே சொல்லின. ஏப்ரலில் பள்ளிகள் படிப்படியாகத் திறந்தபிறகு பிள்ளைகளுக்கு வெப்பமானி கொடுத்தார்கள், தினமும் இரண்டு வேளை வகுப்பில் உட்கார்ந்து வெப்பநிலை பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு அலமாரியில் என் தங்கையின் வெப்பமானி பேட்டரி செத்துப்போய் இன்னும் கிடக்கிறது, அதைப் பையில் எடுத்துப்போய் மேசையில் வைப்பேன், 20 பக்க அறிக்கைக்குக் கிடைக்காத மரியாதை அதற்குக் கிடைக்கும். சிங்கப்பூரில் மொத்தம் 238 பேருக்கு சார்ஸ் வந்தது, 33 பேர் இறந்தார்கள்.

உடனே இரண்டாம் பாதி: 2020. அதே ஊர், வேறு கிருமி. மார்ச் விடுமுறை முடிந்து 23ஆம் தேதி பள்ளிகள் திறந்தன, பெற்றோர் எதிர்ப்பு இருந்தும் திறந்தன. ஏப்ரல் 8 முதல் முழுவதுமாக வீட்டிலிருந்து கற்றல். இரண்டு வாரத்தில் முடிவு மாறியது தோல்வியா, நிலைமைக்கேற்ற மாற்றமா? இந்தக் கேள்வியை நடுவில் போட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன். ஒரு மணி நேரம் ஓடும்.

தோற்ற கதைக்கு 1984 போதும். அந்த ஆண்டு ஜனவரியில், பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை என்று ஒரு திட்டம் வந்தது. கல்வி அமைச்சர் கோ கெங் சுவீ, நாட்டின் பொருளாதாரத்தையே கட்டியெழுப்பியவர் என்று பெயர் எடுத்தவர். அதே ஆண்டு சுகாதார அமைச்சர் ஹாவ் யூன் சோங் தலைமையிலான குழு, மத்திய சேம நிதியை (ஓய்வுக்காலத்துக்காகச் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பணம்) எடுக்கும் வயதை 55இலிருந்து 60க்கு உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. ஜனங்கள் கொதித்துப்போனார்கள். டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு 77.7 விழுக்காட்டிலிருந்து 64.8க்கு இறங்கியது, இந்த இரண்டும் அதற்கு முக்கியக் காரணங்களாக இன்றுவரை பேசப்படுகின்றன. முதல் திட்டம் 1985இல் கைவிடப்பட்டது. ஒன்று யோசனையே தப்பு. மற்றொன்றில் கணக்கு சரிதான், மக்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், சேமிப்பு போதாது, ஆனால் 'என் காசை எனக்குத் தர மாட்டார்களாம்' என்றுதான் அது மக்கள் காதில் விழுந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அமைச்சர்களைக் கேளுங்கள். கெட்டிக்கார அமைச்சருக்கும் சறுக்கும் என்று அறிந்ததும் அறையில் மற்றவர்கள் தங்கள் சறுக்கலைச் சொல்ல ஆரம்பிப்பார்கள், அதுவரை எல்லாருமே சாதனையாளர்கள்தான்.

படி 6: நிதி அமைச்சரைக் கூப்பிடுங்கள்

சுகாதாரமும் கல்வியும் செலவழிக்கும் அமைச்சுகள். சாவி வேறொருவர் இடுப்பில். 2001இல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் வரவு செலவில் 15 விழுக்காட்டைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று உறுதியளித்தார்கள், 2015இல் தென்கொரியாவின் இஞ்சோனில் உலகக் கல்வி மன்றம் வெளியிட்ட பிரகடனம் அரசுச் செலவில் 15 முதல் 20 விழுக்காடு கல்விக்கு என்றது. பல நாடுகள் அந்த அளவை எட்டவில்லை. பிரகடனத்தைத் தூக்கிக்கொண்டு போய் நிதி அமைச்சர் மேசையில் வைத்தால் அவர் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார், பணம் கொடுக்க மாட்டார்.

எனவே மூன்றாம் நாள், முன்னாள் நிதி அமைச்சர் ஒருவரையாவது அழைத்து உட்கார வையுங்கள். கிடைக்காவிட்டால் அமைச்சர்களையே மாறி மாறி நிதி அமைச்சராக நடிக்க விடுங்கள், சக அமைச்சரின் கோரிக்கையை அவர்கள் எவ்வளவு கொடூரமாக வெட்டுகிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். கோரிக்கை ஒரு பக்கம்தான். அதில் மூன்றாண்டுச் செலவு இருக்க வேண்டும், முக்கியமாகக் கட்டடம் கட்டி முடித்தபிறகு வரும் செலவு. கட்டடத்துக்கு நன்கொடையாளர் கிடைப்பார், அதில் வேலை பார்க்கும் தாதிக்கு மாதாமாதம் சம்பளம் யார் கொடுப்பது? எதை நிறுத்தி இதைச் செய்யப் போகிறீர்கள் என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் தர்மன் சண்முகரத்னம் 2003 முதல் 2008 வரை கல்வி அமைச்சைப் பார்த்தார், 2007 கடைசியில் நிதி அமைச்சும் அவரிடம் வந்தது, சில மாதம் இரண்டு கோப்பும் ஒரே மேசையில். அந்தச் சில மாதம் கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே ஆள்! வந்தவர்களிடம் இதைச் சொன்னால் பொறாமைப்படுவார்கள்.

மருத்துவச் செலவுக்கு சிங்கப்பூர் செய்ததை எல்லாரும் எழுதிக்கொண்டு போக ஆசைப்படுவார்கள்: 1984இல் மெடிசேவ் சேமிப்பு, 1990இல் பெரிய கட்டணங்களுக்கு மெடிஷீல்டு காப்பீடு, கட்ட முடியாதவர்களுக்கு 1993இல் மெடிஃபண்ட், 2015இல் எல்லாரையும் சேர்த்துக்கொண்ட மெடிஷீல்டு லைஃப். முப்பது ஆண்டுக் கட்டுமானம். ஆனால் அடித்தளம் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்தம் செய்யும் மத்திய சேம நிதி, அது 1955இலிருந்து இருக்கிறது. பாதிக்கு மேல் ஜனங்கள் வயலிலும் தெருவோரக் கடையிலும் வேலை பார்க்கும் நாட்டில் யார் சம்பளத்தில் பிடிப்பீர்கள்? இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஏறக்குறைய 60 லட்சம் பேர் இருக்கும் ஒரே ஊர் இது, மலைக்கு அந்தப் பக்கம் கிராமம் இல்லை, மழைக்காலத்தில் பாலம் உடைந்து மருந்து நிற்பதில்லை.

படி 7: வெளியே கூட்டிப்போங்கள், ஆனால் வரவேற்பு நடனம் வேண்டாம்

ஒருமுறை ஒரு பள்ளியில் 40 நிமிடம் ஆடல் பாடல் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் அழகாகத்தான் ஆடினார்கள். கல்வி அமைச்சர் கைதட்டிவிட்டுக் கழிவறையைப் பார்க்கலாமா என்று கேட்டார். பள்ளித் தரப்பு பதறிப்போய் வேறு மாடிக்குக் கூட்டிப்போயிற்று. அவருடைய நாட்டில் பெண் பிள்ளைகள் ஆறாம் வகுப்போடு நின்றுவிடுவதற்குக் கழிவறை ஒரு காரணம், அவர் வேலையாகத்தான் கேட்டார். அதிலிருந்து நான் பள்ளிக்குப் போனால் இடைவேளை மணியடிக்கும் நேரத்தில் உணவகத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். பிள்ளை என்ன வாங்குகிறது, மேசையை யார் துடைப்பது, ஆசிரியர் எங்கே நிற்கிறார், பார்த்துக்கொள்ளட்டும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) வரிசை எண்ணை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, டாக்டர் அறைக்குப் போகும்வரை உட்காரச் சொல்வேன்.

திரும்பி வந்து செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு மாத்திரையைப் பின்தொடருங்கள். தலைநகரத்தில் கொள்முதல் ஆணையில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து கடைசிக் கிராமத்தில் ஒரு பெண்ணின் உள்ளங்கையில் விழும்வரை எத்தனை கையெழுத்து, எத்தனை கிடங்கு, எத்தனை நாள்? நீளமான தாளை விரித்துச் செயலாளரும் அமைச்சரும் சேர்ந்து வரைய வேண்டும். எங்கோ ஓர் இடத்தில் இருவரும் நின்றுவிடுவார்கள், அதற்கு மேல் அவர்களுக்கே தெரியாது. அந்த இடத்தில்தான் மருந்து நிற்கிறது. இதற்கு உதாரணமாக நான் ஐரோப்பாவுக்குப் போவதில்லை. தமிழ்நாடு 1994இல் மருத்துவச் சேவைக் கழகத்தை அமைத்து, மருந்தை மொத்தமாக வாங்கி, தரம் பார்த்து, மாவட்டக் கிடங்கில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒன்றைக் கொடுத்துத் தன் ஒதுக்கீட்டுக்குள் எடுத்துக்கொள்ளச் சொன்னது. கல்விக்காரர்கள் மாத்திரைக்குப் பதிலாகப் பாடப்புத்தகத்தைப் பின்தொடரலாம்.

முன்னேற்றத்தைக் கண்காணிக்கப் பிரதமர் அலுவலகத்தில் தனிப் பிரிவு வைக்கும் வழக்கம் பிரிட்டனில் 2001இல் ஆரம்பித்தது, மலேசியா 2009இல் தன் பாணியில் செய்தது. உங்கள் அமைச்சருக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம், மாதத்துக்கு ஒருமுறை அதே நாள், அதே நேரம், அட்டையில் இருக்கும் அந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் 45 நிமிடக் கூட்டம். அதை அவர் ரத்து செய்யாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

படி 8: காலை 7 மணிக்குக் கேமரா

இது சின்னப் பயிற்சி, ஆனால் எல்லாருக்கும் பிடிக்கும், முடிந்தபிறகு. மூன்றாம் நாள் காலை, சாப்பிடுவதற்கு முன், ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் இருவரைக் கேமராவோடு நிறுத்திவிடுங்கள். 'தடுப்பூசி போட்ட பிள்ளை இறந்துவிட்டதாமே?' 90 விநாடிதான். பாதிப் பேர் மறுப்பார்கள், மீதிப் பேர் விசாரணைக் குழு அமைப்பார்கள். அந்தக் குடும்பத்துக்கு முதலில் இரண்டு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றாது. தெரிந்தது இது, தெரியாதது இது, மாலை 5 மணிக்கு மறுபடி வருகிறேன் என்று சொல்லப் பழகும்வரை திரும்பத் திரும்ப எடுங்கள். ஒளிப்பதிவை அவர்கள் கண்ணெதிரே அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

படி 9: விமானம் ஏறியபிறகு

பெரும்பாலான பயிற்சிகள் சான்றிதழ், குழுப்படம், சாங்கி விமான நிலையம் என்று முடிந்துவிடுகின்றன. என்னைக் கேட்டால் ஒப்பந்தத்திலேயே ஓராண்டுத் தொடர்ச்சியைச் சேர்க்காத பயிற்சிக்குக் கையெழுத்தே போடாதீர்கள். 30ஆம் நாள் நிரந்தரச் செயலாளரோடு ஓர் அழைப்பு, 90ஆம் நாள் அமைச்சரோடு, ஆறாம் மாதம் உங்களில் ஒருவர் நேரில் போய் அட்டையில் எழுதியது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவர வேண்டும். அமைச்சர்களுக்கு மட்டும் ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் நீங்கள் இருக்கக் கூடாது. கடைசி நாள் நிரப்பச் சொல்லும் மதிப்பீட்டுப் படிவத்தை நம்பாதீர்கள், எல்லாரும் ஐந்துக்கு ஐந்து போடுவார்கள், சாப்பாட்டுக்கு மட்டும் நாலு.

பதவி மாற்றம் வரும், வந்தே தீரும். அதற்காக நாலாம் நாள் மாலை ஒரு வேலை வைத்திருக்கிறேன்: உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், எதிர்க்கட்சிக்காரராகவும் இருக்கலாம் என்று நினைத்து எழுதுங்கள். கடிதம் செயலாளரிடம் இருக்கும். சிலர் கடுப்பாவார்கள், இப்போதுதான் பதவியேற்றேன் என்பார்கள். எழுதத் தொடங்கியபிறகு யாரும் சீக்கிரம் எழுந்திருப்பதில்லை.

ரத்த இருப்பு அட்டை எழுதிய அமைச்சர் ஊர் திரும்பி ஏழாவது மாதம் வேறு அமைச்சுக்கு மாற்றப்பட்டார். கடிதத்தைச் செயலாளர் புதியவரிடம் கொடுத்திருக்கிறார், புதியவர் ஒரு வாரம் கழித்து அதே 45 நிமிடக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தாராம். கடைசியாக எனக்கு வந்த படத்தில் 12இல் ஒன்பது மருத்துவமனையில் குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பத்தாவது ஊரில் பெட்டி வந்துவிட்டது, ஜெனரேட்டர் வரவில்லை. அதற்காக நிதி அமைச்சுக்கு மறுபடி ஒரு பக்கக் கோரிக்கை போயிருக்கிறது.